ஆண்டு எழுதாத ஞாயிற்றுக்கிழமை

ஹியூபேட் ஆறு ஆண்டுகளாக ஒரே போரில் தோற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய எதிரி நான்தான்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. அந்த ஒரு காலையைத்தான், ஞாயிறு பூசை முடிந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் அவனுடைய சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்ப்போம். அவன் பிரிட்டன். நான் ஜப்பான். துறைமுகம், இரத்மலானை, விமானத்தளமாக மாற்றப்பட்டிருந்த குதிரைப்பந்தயத் திடல் எல்லாவற்றையும் பெரிய மட்டை ஒன்றில் அறுகோணக் கட்டங்களாக அவனே கீறியிருந்தான். பிஸ்கற் பெட்டிகளை வெட்டி விமானங்கள் செய்திருந்தோம். யார் யாரைச் சுட்டு வீழ்த்தினார் என்பதை இரண்டு லூடோக் கட்டைகள் தீர்மானிக்கும்.

அவனுக்கு எரிச்சல் மூட்டியது ஒரு விதி. அன்று காலை, எதிரி தலைக்கு மேல் வரும்வரை இரத்மலானை விமானிகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஆகவே ஆட்டத்தில் அவனுடைய விமானங்கள் முன்கூட்டியே மேலெழும்ப வேண்டுமானால் முதல் உருட்டிலேயே இரட்டை ஆறு விழ வேண்டும். ஒரே ஒரு தடவை விழுந்தது. அன்று பார்த்து, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவன் மனைவி பேர்ணடெற் மேசையைக் கேட்டுவிட்டாள்.

"ஒருத்தன் ஒரு டெலிபோன் எடுத்திருந்தா காணும் மச்சான். அவ்வளவு பேர் இருந்தாங்க. ஒருத்தனும் வானத்தைப் பார்க்கல்லையா?"

"சரித்திரத்தோட கொழுவாதை. உருட்டு."

அவனுக்கு அது சரித்திரம் மட்டுமல்ல. அவனுடைய தகப்பன் செபஸ்தியன் அன்று காலை துறைமுகத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு காது போனதோடு தப்பினார். அருகில் நின்ற இருவர் தப்பவில்லை.

ஹியூபேட் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் லிகிதராக இருந்தவன். துறைமுகத்துக்குள் போய்வரும் பாஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அவனுடைய தொழிலில் கப்பல் வருகைப் பட்டியலுக்கு நாளும் மாதமும் நேரமும் போதும். எந்த ஆண்டு என்று எந்தக் கப்பலும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் மட்டையின் தலைப்பில் இப்படி எழுதியிருந்தான்: 'கொழும்புத் துறைமுகம். ஞாயிறு 5.4, காலை 7.30.' கீழே, 'சிவா – ஜப்பான்.'

1998 மார்ச்சில் மருதானையில் குண்டு வெடித்தபின் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்புத் தொடங்கியது. ஒரு விடியற்காலை அவன் வீட்டு அலுமாரியின் மேலிருந்து பொலிஸ் சார்ஜன் ஒருவர் அந்த மட்டையை இறக்கினார். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அந்த ஆண்டும் ஏப்ரல் 5 ஞாயிற்றுக்கிழமைதான்.

பொலிஸ் நிலையத்தில் முதற் கேள்வி, "கவுத மே சிவா?" யார் இந்தச் சிவா? ஜப்பானிலிருந்து அனுப்புவது காசா, சாமானா?

ஹியூபேட்டுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அது விளையாட்டு என்றான். 1942இல் நடந்தது என்றான். எந்த நூல்நிலையத்துக்குப் போனாலும் பழைய பத்திரிகையில் இருக்கும் என்றான்.

"இதில் எங்கே 1942 என்று இருக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எழுதேல்ல சேர்."

"நூல்நிலையத்துக்குப் போக எங்களுக்கு நேரமில்லை. ஐந்தாம் திகதி வரட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் விடுகிறோம்."

இதுதான் விசாரணை! ஒரு மனிதன் நிரபராதி என்று நிரூபிக்க ஊரே ஒரு நாள் முழுதும் அமைதியாக இருக்க வேண்டும். அன்றைக்கு எவனோ எங்கோ எதையாவது வெடிக்க வைத்தால் குற்றவாளி ஹியூபேட். பத்திரிகை ஒன்றைப் புரட்ட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிட விரும்பாத அரசு, ஒருவனுடைய இரண்டு வாரத்தைத் தாராளமாகச் செலவிட்டது.

நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஓடினேன். சட்டத்தரணி ஷரீப் சாப்பாட்டுக்கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நானே போய்ச் சொல்லுறன். அது விளையாட்டு. அந்தச் சிவா நான்தான்."

"மாஸ்டர், நீங்க பொறந்த ஊர்?"

"யாழ்ப்பாணம், சாவகச்சேரி."

"ஐடென்டிட்டி கார்ட்ல இருக்கா?"

"ஓம்."

"அப்ப ஜப்பானும் உள்ளுக்குப் போகும். பிரிட்டனும் வெளிய வராது. பேசாம ஊட்டுல இரிங்க."

அவன் சார்பில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சாட்சி சொன்னால் பொலிஸ் கணக்கில் இரண்டாம் எதிரி. வெள்ளவத்தைக்குத் திரும்பி, பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். 'தரப்பட்டுள்ளவை', 'நிறுவுக' என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் சுண்ணக்கட்டியை வீசியெறிய வேண்டும் போலிருந்தது.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதற் பூசையிலிருந்து குருத்தோலையோடு வந்த பேர்ணடெற் வாசலிலேயே சொன்னாள்:

"சிவா அண்ணா, துறைமுகப் பக்கம் பார்த்தீங்களா? எல்லா கேட்டிலயும் ஆமி டபுள். மேல பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகள் பிந்தி அந்த எச்சரிக்கை கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

எட்டு மணிக்குச் சற்று முன் தெருவில் ஒரு பெரிய சத்தம். பேர்ணடெற்றின் கையிலிருந்த ஓலை விழுந்தது. நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். வெளியே யாரோ சிங்களத்தில் ஏசினார்கள், பிறகு சிரித்தார்கள். லொறி டயர் வெடித்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்தபடி, "டயர்தான், டயர்தான்" என்று நான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று முழுதும் வேறொன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை விடவில்லை. இன்ஸ்பெக்டர் லீவாம். செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிட்டு, ஐந்தாம் திகதி அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னார்கள். உள்ளே பூட்டியிருந்தவன் வெளியே நடக்காததற்குச் சாட்சி! அவன் பழக்கத்தில் '5.4' என்று எழுத, சார்ஜன் ஏசினார்.

"வருசத்தைப் போடு. போடாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மட்டையைத் திருப்பித் தரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 காலை ஏழு மணிக்கு வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

தெருமுனையில் காத்து நின்ற என்னைக் கண்டதும், தாடியைச் சொறிந்துகொண்டு, "இரட்டை ஆறு விழுந்திட்டுது மச்சான்" என்றான். அன்று அவன் செய்த ஒரே பகிடி அதுதான்.

கந்தோரில் வேலை போகவில்லை. துறைமுகப் பாஸ் போயிற்று. பொலிஸில் பெயர் இருப்பவனுக்குப் பாஸ் புதுப்பிக்க முடியாது என்று யாரோ சொல்ல, முகாமையாளர் தலையாட்டிவிட்டார். குற்றம் இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. தண்டனை மட்டும் உண்டு. ஒருகொடவத்தையில் கொள்கலன் அடுக்கும் வளவொன்றில் தகரக் கொட்டிலுக்குள் அவனுக்கு மேசை போட்டார்கள். அங்கிருந்து கப்பல் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் 1998, 1998 என்று ஆண்டை முழுதாக எழுதுகிறான். இடம் காணாது என்று முகாமையாளர் ஏசியும் விடவில்லை.

போன ஞாயிறு புது மட்டையும் சாயப்பென்சில்களும் வாங்கிக்கொண்டு போனேன். துறைமுகம் வேண்டாம், இலங்கையே வேண்டாம், ஆபிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிச் சண்டை ஒன்று கீறுவோம் என்றேன். வருசத்தையும் கொட்டை எழுத்தில் போடுவோம் என்றேன்.

அவன் மட்டையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தச் சண்டையை எடுத்தாலும் அதுக்கு ஒரு திகதி இருக்கு மச்சான்" என்றான். "அந்தத் திகதி வருசா வருசம் வரும்."