கலஃப் நடக்கவிட்ட சிங்கம்

டமாஸ்கஸில் பித்தளைமேல் வெள்ளி பதிக்கிறவர்களில் கலஃபும் ஒருவர். பக்கத்துக் கடைச் சுத்தியல் சத்தத்தில் ஒரு காது போயிருந்தது. வாய் மட்டும் நன்றாக இருந்தது.

பித்தளையில் பள்ளம் வெட்டி, ஓரத்தை உள்ளுக்குள் குடைந்து, வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். ஊர் அமீர்கள் அதை வாங்குவதை நிறுத்தி வருஷக்கணக்காயிற்று. வெனிஸ் பரங்கிகள்தான் விழுந்து விழுந்து வாங்கினார்கள். கலஃப் வீட்டு ரொட்டியே அவர்களை நம்பித்தான்.

கடைத்தெருவே கவாஜா என்று மரியாதையாகக் கூப்பிடும் அல்விசே என்ற வெனிஸ் வியாபாரி கல்யாணத் தாம்பாளம் ஒன்று சொல்லியிருந்தார். நடுவில் கேடயம், அதற்குள் பெண்வீட்டுச் சின்னம். அவர் கொடுத்த படத்தில் ஒரு சிங்கம் பின்னங்காலில் நின்றது. கலஃப் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுல்தான் கட்டிய பாலத்திலும் கோட்டையிலும் அவர் கண்ட சிங்கமெல்லாம் நடக்கிறவை. பரங்கி சிங்கத்தையே பார்த்ததில்லை என்று முடிவுகட்டி, அதை இறக்கி நாலு காலில் நடக்கவிட்டார். ஏழு மாத வேலை.

வாங்க வந்த அல்விசே குனிந்து பார்த்தார்.

"உஸ்தாது, இது என்ன நாய்?"

"நாயா? கண்ணத் தொடச்சிட்டுப் பாரும் கவாஜா. சிங்கம்."

"அந்த வீட்டுச் சிங்கம் நிக்கும்யா! இருநூறு வருஷமா நிக்குது!"

"அப்பக் கால் கடுத்திருக்கும். கொஞ்சம் நடக்கட்டுமே."

பக்கத்துக் கடையில் செம்பு தட்டும் ரஜப் சிரித்ததில் சுத்தியல் கீழே விழுந்தது. அல்விசே சிரிக்கவில்லை.

"இதக் கொண்டுபோனா என்னத் தூக்கிக் கடல்ல போடுவாங்க. எனக்கு வேணாம். இனி எதிர்த்தெரு ஹம்சாகிட்டயே குடுத்துக்கறேன்."

கலஃப் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏழு நாள் குடும்" என்றார்.

"எட்டாம் நாள் பெய்ரூத்துக்குச் சரக்கு கெளம்பிரும். அதுக்குமேல நிக்காது."

வெள்ளியை எடுத்தாலும் சிங்கத்தின் பள்ளம் போகாது. அதன்மேல் இன்னொரு சிங்கத்தை வெட்டவும் முடியாது. மதியம் முழுக்கத் தட்டை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு உளியை எடுத்து, சிங்கத்தோடு சேர்த்துக் கேடயம் முழுவதையும் ஒரே பள்ளமாகக் குடைந்தார். அந்தப் பள்ளத்தில் ஒற்றை வெள்ளித் தகட்டை இறக்கினார். ஆறு நாள் ஆயிற்று.

"சின்னம் எங்க?" என்றார் அல்விசே.

"ஒம்ம ஊர்ல செதுக்குறவன் இருப்பான்ல? அவன் நிக்க வைக்கட்டும், படுக்க வைக்கட்டும். அது ஒங்க பாடு."

அல்விசே மொட்டை வெள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தாம்பாளத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

ரஜப் எட்டிப்பார்த்து, "என்ன அண்ணே, சிங்கத்த வெனிஸ்காரனே வளத்துக்குவானா?" என்றான்.

"ஒன் பானையப் பாருடா."

மறுவருஷம் அல்விசே வந்தார். கையில் தாள் இல்லை.

"படம்?" என்றார் கலஃப்.

"அது வேணாம். கேடயத்தக் காலியா விட்டுரும். அங்க போய்ப் போட்டுக்கறோம். யார் வேணா வாங்கலாம் பாரும்."

இடையில் கலஃப் ஒரு பித்தளைத் துண்டில் நிற்கிற சிங்கத்தை வெட்டிப் பழகியிருந்தார். பிடரி, நகம், நாக்கு எல்லாம் சுத்தமாக வந்திருந்தது. அதை அவர் எடுத்துக் காட்டவில்லை.

"எத்தன தட்டு?" என்று கேட்டார்.