எழுத்து மட்டும் நேராக

அதிகாரி ருவெலான் அச்சுப்படத்தைச் சுவரோரம் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“படத்துல ஜன்னல் கதவுக்கு இடது பக்கம். இங்க வலது பக்கம். யாரு மாத்துனது, மதாம்?”

“யாரும் மாத்தல. நான்தான் தப்பா செதுக்கிட்டேன்,” என்றாள் கத்தேல்.

வாசலில் நின்ற அவள் தம்பி யுவென் சிரித்தான். “நாப்பத்தாறு வருஷம் கழிச்சு ஒத்துக்கிறா. குறிச்சுக்குங்க, முசே.”

“நீ போய் அடுப்பைப் பாருடா.”

பிரான்சில் எங்கள் பிரத்தாஞ் பக்கத்துக் கல்வீடுகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுத்தவள் கத்தேல். வண்ணத்திலும் தீட்டிப் பார்த்தாள். இந்தக் கல்லுக்கு வண்ணம் ஒட்டவில்லை என்று விட்டுவிட்டாள். இருபத்து மூன்று வயதில் செதுக்கிய முதல் தகடு அவள் வீடுதான். தகட்டில் வலது பக்கம் இருப்பது தாளில் இடது பக்கம் விழும். எல்லாவற்றையும் திருப்பிச் செதுக்க வேண்டும். கதவுக்கு மேலுள்ள கல்லில் முப்பாட்டன் பெயரும் 1714 என்ற ஆண்டும் இருந்தன. அந்த எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். வீட்டைத் திருப்ப மறந்துபோனாள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. நகர அருங்காட்சியகம் வாங்கி மாட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு செதுக்கிய இருநூறு வீடுகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனையும் அந்த வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து செய்தவை. பின்சுவர் பாறையோடு ஒட்டியது. வீட்டுக்கு வேறு ஜன்னல் கிடையாது.

போன வருடம் வீட்டைப் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அவளும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். கிடைத்ததிலேயே பழைய சான்றில் உள்ளபடி வீட்டை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. பழைய சான்று அந்தப் படம்தான்.

கத்தேல் உள்ளே போய்ச் செப்புத்தகட்டை எடுத்து வந்தாள். “பாருங்க. இதுல ஜன்னல் வலது பக்கம். வீட்டுல இருக்கிற மாதிரியே.”

“எழுத்து திரும்பியிருக்கே?”

“எழுத்தை மட்டும்தான் திருப்பினேன்.”

“எழுத்தைத் திருப்பத் தெரிஞ்சவங்களுக்கு வீட்டைத் திருப்பத் தெரியாதா, மதாம்?”

பக்கத்து வீட்டுக்காரனான நான் குறுக்கே புகுந்தேன். “நான் வந்த நாள்லேர்ந்து ஜன்னல் இங்கதான் இருக்கு.”

“எப்ப வந்தீங்க?”

“எழுபத்தொன்பதுல.”

“படம் எழுபத்தெட்டு.”

“எனக்குத் தெரியும். நான் இங்கதான் பொறந்தேன்,” என்றான் யுவென்.

“குடும்பத்தார் சாட்சி செல்லாது, முசே.”

“இடது பக்கச் சுவரை ஒட்டி உள்ளே மாடிப்படி இருக்கு,” என்றாள் கத்தேல். அவள் குரல் இறங்கிவிட்டது. “அங்க ஜன்னல் வச்சா பூனைக்குத்தான் வெளிச்சம். படியையாவது இடிச்சுக்கலாமா?”

“படியும் பட்டியல்ல இருக்கு.” படத்தை உறையில் போட்டார். “நாளைக்கு ஆளுங்க வருவாங்க. உங்க படம் ரொம்பத் துல்லியம், மதாம். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

மறுநாள் எட்டரைக்கு இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். இடது பக்கச் சுவரை ஜன்னலுக்காக இடித்துத் திறந்தார்கள். படிக்கட்டின் அடிப்புறம் தெரிந்தது. மதியம் யுவென் அவர்களுக்குக் இங்கே கறுப்புக் கோதுமை என்று சொல்லும் தானியத்தின் மாவில் தோசை சுட்டுக் கொடுத்தான். நான்கு மணிக்குள் வலது ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அன்று நல்ல வெயில். கத்தேல் மேசையைப் படிக்கட்டுக்கு அடியில் நகர்த்திப் பார்த்தாள், நுழையவில்லை. பழைய இடத்திலேயே திருப்பிப் போட்டு விளக்கை ஏற்றினாள்.