எர்சிலியா செய்த நான்கு நாற்காலிகள்

இத்தாலியின் தூரின் நகரத்துப் பழம்பொருள் வியாபாரிகளில் எர்சிலியா பால்பியானோவைத் தெரியாதவர் கிடையாது. செதுக்கிய மரத்தின்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது அவள் தொழில். அந்த மெல்லிய தகடு பறந்துவிடாமலிருக்க, ரேக்கை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறப்பவனுக்கு வசவு நிச்சயம். நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணமாகவில்லை. கேட்டால், "மூச்சு விடாத ஆம்பளை கெடைச்சா சொல்லுங்க" என்பாள்.

1956 குளிர்காலத்தில் வியாபாரி பஸ்கெரோ எட்டு நாற்காலிகளோடு வந்தார். இருநூறு வருடப் பழமை. கூடவே அதே அச்சில் புதிதாகச் செதுக்கிய நான்கு. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசைக்குப் பன்னிரண்டு கேட்கிறார்கள், நாலு புதுசு என்று சொல்லித்தான் விற்கப்போகிறேன் என்றார். எர்சிலியா நம்பினாள்.

மூன்று மாதம் உழைத்தாள். தங்கத்தை ஒட்டி, மெருகேற்றி, கை படும் இடங்களில் மட்டும் கம்பளித் துணியால் தேய்த்து, அடியிலிருந்த செம்மண் பூச்சைத் தெரியவைத்தாள். உட்புறத்துப் புது மரம் பழசாகத் தெரிய வால்நட் தோல் சாயம் பூசினாள். பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தியபோது எது புதுசு என்று தெரியாமல் பஸ்கெரோவே தடுமாறினார்.

இரண்டு வருடம் கழித்து விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. நாற்காலிகளை வாங்கிய ஒதிலியா குவரந்தா அம்மாளுக்கு எல்லாமே பழசுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எர்சிலியாவையும் சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் பஸ்கெரோ மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார்.

"கேட்டா பழுது பாத்தேன்னு மட்டும் சொல்லும்மா. போதும்."

"புதுசுன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

பஸ்கெரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

நீதிமன்றத்தில் நிபுணராக வந்த அருங்காட்சியகப் பேராசிரியர் தெர்ரேனோ பூதக்கண்ணாடியால் காலைப்பொழுது முழுக்கப் பார்த்துவிட்டு, பன்னிரண்டும் பழையவை, ஒரே கைவேலை, இன்று யாராலும் இப்படிச் செய்ய முடியாது என்றார். எர்சிலியாவுக்குக் காது குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமும் பட்டாள்.

நீதிபதி கேட்டார்: "இதுல உங்க வேலை ஏதாவது இருக்கா?"

"ஒரு ஈரத்துணி குடுங்க ஐயா."

நான்கு நாற்காலிகளை எடுத்துக் கவிழ்த்தாள். உட்புறத்தை அழுத்தித் துடைத்தாள். துணி பழுப்பானது, கீழே மரம் வெளுத்துத் தெரிந்தது. மற்ற எட்டையும் துடைத்தாள். வெறும் தூசிதான் வந்தது.

விற்பனை செல்லாது என்று தீர்ப்பானது. அதோடு வியாபாரிகள் அவள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஒன்றரை வருடம் கிராமத்துத் தேவாலயங்களின் மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்குத் தங்கம் பூசிப் பிழைத்தாள்.

ஒரு மத்தியானம் தெர்ரேனோ வந்து நின்றார்.

"எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"நீங்க துணியை நனைச்சிருந்தா நான் எதுக்குப் பேசப்போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. தேய்மானத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். எர்சிலியா ஒரு மரச்சட்டத்தை எடுத்துச் செய்து காட்டினாள். விளக்கேற்றும் நேரம்வரை இருந்தார். கிளம்பும்போது, தன் அருங்காட்சியகத்தில் சிதைந்து கிடக்கும் கண்ணாடிச் சட்டங்களைச் சரிசெய்ய வரமுடியுமா என்று கேட்டார்.

"வர்றேன். ஆனா எது பழசு, எது என்னோடதுன்னு பதிவேட்டுல எழுதணும்."

"எழுதலாம்."

"என் பேரோட."

பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தாள். ஒவ்வொரு சட்டம் முடிந்ததும் பதிவேட்டை வாங்கி, தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.