எனக்கும் கட்டணம் போடுங்க

போன மாதம் எங்கள் வார்டு ஆபீஸில் ஒரு ஹியரிங். வீட்டுக் குப்பையை அள்ளுவதற்கு மாதாமாதம் கட்டணம் வாங்கலாமா என்று மாநகராட்சிக்கு ஒரு யோசனை. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், நேரிலும் வந்து பேசலாம் என்று அறிவிப்பு. மும்பைக்காரர்களிடம் ஆட்சேபணைக்கா பஞ்சம்?

மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் சார்பாக அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வாராவாரம் பத்தி எழுதுகிற ஆள், ஒரு பக்கம் எழுத மாட்டானா என்று செக்ரட்டரி நினைத்திருக்கலாம். எழுதினேன். மூன்று பக்கம் வந்தது.

அதை கேட்டில் நின்று செக்ரட்டரிக்குப் படித்துக் காட்டியபோது சண்முகக்கனியும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் குடிசைப் பகுதியான லேபர் கேம்ப்பில் தன் வீட்டிலேயே இட்லி அவித்து, காலையில் எங்கள் தெருவில் விற்கும் பெண்மணி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். செக்ரட்டரி மேலே போனதும், தனக்கும் ஒரு மனு எழுதித் தர முடியுமா என்றார்.

இதையே கொஞ்சம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி... எனக்கு அந்தக் கட்டணத்தப் போடச் சொல்லி எழுதணும்."

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

விஷயம் இதுதான். அவர் கணவர் ஆறு வருஷத்துக்கு முன் வேலைக்கென்று சூரத் போனார். அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. பணம் வருவதில்லை, போனும் இல்லை. ஆனால் லைட் பில் அவர் பெயரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவர். வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகக் கணக்கெடுக்க வந்தவர்களும் அந்தப் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். நாளைக்குப் புது வீடு வந்தால் சாவி யார் கைக்குப் போகும்?

"அந்த வீட்டுல இருக்கது நானு. குப்ப போடுததும் நாந்தான். அந்த ஒரு ரசீதாவது எம்பேர்ல வரட்டுமே."

இட்லி வியாபாரம் நடப்பதால் உங்களுக்குக் கட்டணம் கூடுதலாக வரலாம் என்று எச்சரித்தேன். அப்படியானால் ரசீதும் பெரிதாக இருக்குமா என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்தான் வந்தது.

ஹியரிங் அன்று ஹால் நிரம்பி வழிந்தது. அள்ளாத குப்பைக்கு எதற்குக் காசு என்றார் ஒரு கடைக்காரர். சீனியர் சிட்டிசன்கள் குறைவாகத்தான் குப்பை போடுகிறோம், எங்களுக்குத் தள்ளுபடி வேண்டும் என்றார் ஒரு பெரியவர். நான் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் டைம் ஆகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்து சண்முகக்கனி. அதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. தலை நிமிராமல், என்ன ஆட்சேபணை என்று இந்தியில் கேட்டார். ஆட்சேபணை எதுவும் இல்லை, கட்டணம் போடுங்கள், ஆனால் என் பெயரில் போடுங்கள் என்று கனியும் இந்தியிலேயே சொன்னார். மனுவை நீட்டினார்.

இவரை யார் உள்ளே விட்டது என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு — எங்கள் செக்ரட்டரிதான்.

அதிகாரி நிமிர்ந்தார். மனுவை முழுக்கப் படித்தார். கணவரைப் பற்றி விசாரித்தார். பிறகு படிவத்தை எடுத்தார். அதில் ஆட்சேபணை, ஆலோசனை என்று இரண்டே கட்டம். கட்டணம் கேட்டு ஒருவர் வருவார் என்று அச்சடித்தவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, 'ஆலோசனை'யில் டிக் போட்டார். மனுவின் நகலில் பெயரையும் முகவரியையும் ஒருமுறை சரிபார்த்து, முத்திரை குத்தித் தானே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ரசீது வருமா என்று தன்னால் சொல்ல முடியாது, இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பொதுமக்களின் எதிர்ப்பால் கட்டணம் நிறுத்திவைப்பு. பில்டிங்கில் எல்லோருக்கும் பேடா கொடுத்தார்கள். செக்ரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேடா சாப்பிட்ட பிறகுதான் எனக்குக் கனியின் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. முத்திரை குத்திய நகலை லேமினேட் செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை கணக்கெடுக்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டப்போகிறாராம். இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கட்டணத்த மறுபடி கொண்டாருவாங்களா அண்ணாச்சி?"

கண்டிப்பாகக் கொண்டுவருவார்கள் என்றேன். மாநகராட்சியின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து நான் பேசியது இதுவே முதல் தடவை.