இருபத்துநாலாவது கை

மழலையர் வகுப்பு ஆசிரியைக்குப் பள்ளிக்கூடத்தில் வழங்கிய பெயர் அளவுகோல் டீச்சர். சுவரில் ஒரு படம் ஒட்டுவதென்றாலும் நான்கு பக்கமும் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அதன்பிறகே பசையைத் தொடுவார். அப்பெயர் அவருக்குத் தெரியாதென்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவருக்கோ அதில் உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைதான் ஆண்டு இறுதிக் கூட்டத்தில் அவரைப் பேச வைத்தது.

"வழியனுப்பு விழாவுக்குப் பரிசா கடையில வாங்குற பென்சில் டப்பாவை எந்த அம்மா பத்து வருஷம் வச்சிருக்கப் போறா? பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்க, அவங்க கையையே பதிச்சுக் குடுப்போம்."

"குடுங்க," என்றார் தலைமையாசிரியை. "ஆனா அந்தந்தக் கை அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேரணும். மாறிப் போச்சுன்னா அம்மாக்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"என் வகுப்புல மாறுமா?" என்றார் டீச்சர். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

வேலை என்னவோ எளியதுதான். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, பிசையத் தண்ணீர். வட்டமாகத் தேய்த்துக் கையை அழுத்தி எடுத்தால் முடிந்தது. காய்ந்தபின் பிள்ளைகள் அவரவர் வட்டின் முதுகில் பென்சிலால் பெயர் எழுதினார்கள்; டீச்சர் இருபத்துநான்கு என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனார். முன்பக்கம் வண்ணம் பூசியதும் பின்பக்கம் சொரசொரவென்று கண்ணை உறுத்தியது. வெள்ளை வண்ண டப்பாவைத் திறந்தார்.

"பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?" என்றார் கணவர்.

"நான் பாப்பேன்."

முதல் பூச்சு காய்ந்தபோது அடியில் ஏதோ கறுப்பாகக் கிறுக்கல் தெரிந்தது. அழுக்குப் போலிருக்கிறதே என்று முகம் சுளித்து, இரண்டாம் பூச்சும் அழுத்தமாகப் பூசினார்.

விழா நாளன்று காலை எட்டரை மணி. பெயர்ச்சீட்டு எழுத உட்கார்ந்தவர் முதல் வட்டைத் திருப்பினார், வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. இருபத்துநான்கையும் திருப்பி முடித்தபோது, அந்தக் கறுப்புக் கிறுக்கல் எது என்பது மண்டையில் உறைத்தது.

"என்ன டீச்சரம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பத்தோடு வந்தார் ஆயா.

"பேரையெல்லாம் அழிச்சுட்டேன் ஆயா. ஒரு தடவை அடிச்சது பத்தாதுன்னு ரெண்டாவது தடவையும் அடிச்சு அழிச்சிருக்கேன். இவ்வளவு சுத்தமா முட்டாள்தனம் பண்ண வேற யாராலயும் முடியாது."

பத்து மணிக்கு அம்மாக்கள் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் வர வர டீச்சர் அளவுகோலை எடுத்தார். முதல் பிள்ளையின் உள்ளங்கை ஆறு சென்டிமீட்டர். இரண்டாவதும் ஆறு. மூன்றாவதும் ஆறு.

"அந்தக் கோலைக் கீழ வைங்க," என்றார் ஆயா. "கைக்குச் சொந்தக்காரங்க இங்கதானே நிக்கிறாங்க, அவங்களையே கேளுங்க."

வட்டுகள் தரையில் பரப்பப்பட்டன. பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

"இது என்னோடது! ஓரத்துல கடிச்சேன், ஒரே உப்பு!"

"நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்ப நான் கட்டைவிரலுக்கு மூக்கு வச்சேன் டீச்சர்!"

"நான் கீழ போட்டு ஒட்டினேன். இதோ விரிசல்!"

தம் கண்பார்வையில் ஓர் எறும்பும் தப்பாது என்று நம்பியிருந்தவர், இருபத்துமூன்று திருட்டுத்தனங்களை ஒரே மூச்சில் கேட்டறிந்தார். இருபத்துமூன்று கைகளும் உரியவர்களிடம் சேர்ந்தன.

மிச்சம் ஒரு வட்டு. மிச்சம் ஒரு குட்டை ஜடைக்காரி. வட்டிலிருந்த கை அவளுடையதைப்போல் இரு மடங்கு. அது, செய்துகாட்டுவதற்காக டீச்சர் முதலில் அழுத்திய தம் சொந்தக் கை. கை பதித்த வாரம் முழுவதும் குட்டை ஜடை காய்ச்சலில் வீட்டில் இருந்தாள். எண்ணிக்கை இருபத்துநான்கு என்று சரியாக இருந்ததால், எண்ணியவர் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

குட்டை ஜடை அந்தப் பெரிய பள்ளத்துக்குள் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"பரவால்ல டீச்சர். வளர்ந்தா சரியாயிடும்."

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஆயா, அந்த மாவு டப்பால ஏதாவது மிச்சம் இருக்கா, பாருங்க!" என்று கத்தினார்.

ஒரு பிடி தேறியது. அளக்க நேரமில்லை, உப்பைக் கண்ணளவாக அள்ளிப் போட்டுப் பிசைந்தார். வட்டம் வட்டமாக வரவில்லை. சின்னக் கை ஆழமாகப் பதிந்து எழுவதற்கும் அம்மாக்கள் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

"இது ஏன் இன்னும் ஈரமா இருக்கு டீச்சர்?" என்றார் குட்டை ஜடையின் அம்மா.

மற்ற அம்மாக்களும் தலைமையாசிரியையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உங்க பொண்ணு வராததையே நான் கவனிக்கலம்மா. இப்பதான் செஞ்சேன். தப்பு என்னோடதுதான்," என்றார் டீச்சர். "மூணு நாள் வெயில்ல காய வைங்க. பேரைப் பென்சில்ல எழுதாதீங்க. முக்கியமா, பின்பக்கம் வெள்ளை அடிச்சிடாதீங்க."

அம்மா சிரித்துவிட்டார். குட்டை ஜடை மட்டும் டீச்சருடைய கையைத் திருப்பித் தர மறுத்து, அதையும் பைக்குள் திணித்துக்கொண்டாள்.