பரிசீலனையில் இருக்கிறேன்

காத்திருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி உண்டு.

கல்வியியலில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு கையில் போனும் மறு கையில் சோறுமாக உட்கார்ந்திருக்கும் என் சக கஷ்டவாளிகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. "ரிசல்ட் எந்தத் தேதி?" என்று கேட்பார்கள். தேதி தெரிந்துவிட்டால் அது காத்திருப்பே இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் நானும் அப்பாவும் இருக்கிறோம். மைன்ஸ் மூடும்வரை அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். இப்போது அவருக்கும் அவருடைய நெஞ்சுக்கும் தினம் தகராறு. நான் காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கடையில் தெலுங்கும் பேசிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், ரிப்போர்ட் கார்டில் 'லாங்குவேஜ் வீக்' என்று எழுதி அனுப்புகிறார்கள். மூன்று பாஷை பேசுகிற பிள்ளை எப்படி பாஷையில் வீக் ஆகும்? சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் கொடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் வெளிநாட்டில் இரண்டு இடம், வடக்கே ஒரு இடம். இதிலும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். முப்பத்தெட்டு வயதாகிறது. ஆசைக்கும் ஒரு ரிட்டயர்மென்ட் வேண்டாமா?

பூதம்

விண்ணப்பித்தவர்கள் நிலவரம் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கித் தருகின்றன. உள்ளே போனால் ஒரே ஒரு வரி இருக்கும்: 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' டிசம்பரில் படித்த அதே வரியைப் பொங்கல் கழிந்தும் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எழுத்து கொஞ்சம் தடித்துத் தெரிவதுபோல் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டதும் பழைய எழுத்துதான்.

ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள் செல்வி. பெங்களூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் துப்புரவுப் பெண்களுக்கு சூப்பர்வைசர். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான ஊரிகத்தில் நான் ஏறும்வரை பக்கத்து சீட்டில் தன் பையைப் போட்டு வைத்திருப்பாள். பங்காரப்பேட்டை தாண்டும்வரை போனில் சிக்னல் வரும், போகும். நான் விடாமல் திரையைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன். மடியில் முறத்தை வைத்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்த செல்வி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டே விட்டாள்: "இன்னா டீச்சர், தேச்சிக்கினே கீறீங்க? உள்ளேருந்து பூதமா வரப்போவுது?"

சிபாரிசு

இந்தப் படிப்புக்கு நம்மைத் தெரிந்தவர்கள் மூன்று பேர் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும். நம்மைத் தெரிந்தவர்கள் நல்லபடியாக எழுதுவார்கள் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. எங்கள் பிரின்சிபால் மேடம் நல்ல மனுஷி. கன்னடம் பேசுகிற குடும்பம், என்னிடம் மட்டும் ஆசையாகத் தமிழ் பேசுவார். கேட்டவுடன் "கண்டிப்பா பண்றேன் மிஸ்" என்றார். பிறகு நான்கு முறை நினைவுபடுத்தினேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. ஆண்டு விழா நாடகம் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

கடைசி நாள் மதியம் எழுதி அனுப்பிவிட்டார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். மறுநாள் காரிடாரில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பத்தி ரொம்ப ஒசத்தியா எழுதிருக்கேன் மிஸ். நீங்க இல்லாம எங்க ஸ்கூல் ஒரு நாள்கூட நடக்காது, உங்கள அனுப்பறது ரொம்ப கஷ்டம்னு போட்டுட்டேன், ஓகேதானே?"

வருத்தம்

வெளிநாட்டிலிருந்து முதல் பதில் பிப்ரவரியில் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். போனில் மணி அடித்ததும் அப்பா, "இன்னாம்மா, அதுவா?" என்றார். அதுதான். தமிழில் சொல்லு என்றார், சொன்னேன். உங்கள் விண்ணப்பத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தோம், ஆனால் இடம் தர இயலாததை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அப்பா யோசித்தார். "சந்தோஷமும் படறாங்கோ, வருத்தமும் படறாங்கோ. நம்மளுக்கு இன்னாதான் மிச்சம்?" என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டுகிற சாக்கில் அழுதேன்.

இரண்டாவது வருத்தம் அடுத்த மாதம் வந்தது. இதற்குள் எனக்குப் பழகிவிட்டது, அப்பாவுக்குத்தான் பழகவில்லை. மூடின மைன்ஸைத் திறக்கப்போகிறார்கள் என்று நம்புகிற கட்சி அவர். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பேப்பரில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷர், திறந்தால் தன் வயசு ஆட்களைச் சுரங்கத்துக்கு வெளியே, மேல் வேலைக்காவது எடுப்பார்களா என்று இன்னமும் விசாரிப்பார். அதை நான் கேலி செய்ததும் உண்டு. அன்றைக்குச் செய்யவில்லை. இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது, அது பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மைன்ஸ் மூடனதுலருந்து நானும் பரிசீலனைலதாம்மா கீறேன்."

மார்னிங் ஷிஃப்ட்

வடக்கே இருந்த அந்த ஒரு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள், வீடியோவில். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்க விரும்பினார்கள். பள்ளிக்கு லீவு போட்டேன். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அப்பா ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். ஏன் என்று கேட்டதற்கு, இருமல் அவர்களுக்குக் கேட்கக்கூடாதாம். முக்கால் மணி நேரம் லைன் கடைசியில், வேப்ப மரத்தடியில், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

திரையில் மூன்று பேர். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மூன்று பாஷைப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது நடுவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஓர் அம்மாள் குறித்துக்கொண்டார். கடைசியாகப் பெரியவர் இங்கிலீஷில் கேட்டார்: "உங்கள் ஆராய்ச்சி மூலம் வகுப்பறையில் என்ன ஷிஃப்ட்டை எதிர்பார்க்கிறீர்கள்?" படித்தவர்கள் பாஷையில் ஷிஃப்ட் என்றால் மாற்றம். அது எனக்குத் தெரியாதா? பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ஆனால் நான் பிறந்ததிலிருந்து எங்கள் லைனில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். சோறு வடிப்பது, தண்ணீர் பிடிப்பது, கல்யாணத்துக்கு நாள் குறிப்பது எல்லாமே அதை வைத்துத்தான் நடந்தது. வாய் முந்திக்கொண்டது. "மார்னிங் ஷிஃப்ட் சார். காலையில்தான் பிள்ளைகள் தெளிவாக இருப்பார்கள்" என்றேன்.

மூவரும் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அந்த அம்மாள் தன் மைக்கை அணைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பெரியவர் மட்டும் தன்மையாக, "நான் மாற்றத்தைக் கேட்டேன்" என்றார். அதற்கப்புறம் நான் சொன்ன நல்ல பதில் எதுவும் எனக்கே காதில் விழவில்லை. ஒரு பிள்ளைக்குச் சொல் தெரிந்திருக்கும், அது வேறு தெருவில் வேறு வேலை செய்கிற சொல்லாக இருக்கும், அவ்வளவுதான், அதற்குப் போய் வீக் என்று எழுதாதீர்கள் என்பதுதானே என் ஆராய்ச்சி? அதற்கு நானே போய் உதாரணமாக நின்றுவிட்டேன். அவமானமாக இருந்தது. ஸ்டூலோடு திரும்பி வந்த அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "ஷிஃப்ட்டுனா இன்னானுகூட தெரியலியே, அவங்கல்லாம் எந்த மைன்ஸ்ல வேல செஞ்சிக்கினு வந்தாங்கோ?"

சொல்லி அனுப்புகிறோம்

நேர்காணல் முடியும்போது அவர்கள், "முடிவைப் பிறகு தெரிவிக்கிறோம்" என்றார்கள். மார்ச் போய் ஏப்ரலும் பாதி போய்விட்டது. இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதில் வராத வரைக்கும் நாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அர்த்தம் கண்டுபிடிப்போம். தாமதமானால் நம் பெயரை வைத்து வாதாடுகிறார்கள் என்று அர்த்தம். சனிக்கிழமை மெயில் வராதது அவர்கள் ஒழுங்கானவர்கள் என்று அர்த்தம். நானும் இப்படி நிறைய அர்த்தங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

மிக்ஸியை நிறுத்தி வைத்த பக்கத்து வீட்டு சரோஜாக்காவுக்கு விவரம் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிளறிக் கொடுத்தவர் அவர். எத்தனை கேசரி என்று இப்போது எண்ண வேண்டாம். வந்தவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று செருப்பை மாட்டினவர்கள்தான். சரோஜாக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். சொல்ல மனசில்லாமல்தான் சொன்னார்: "போய்ச் சொல்லி அனுப்பறோம்னுட்டாங்களா? அப்போ அது இல்லம்மா."

ஊரிகம் ஸ்டேஷன்

மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயந்திர ரயிலில் இருக்கும்போது பதில் வந்தது. லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கவிருந்தது, நோட்டுப் புத்தகம் அடுக்கும் வேலை இருந்ததால் அன்று முழுக்க நான் போனைத் தேய்க்கவே இல்லை. பங்காரப்பேட்டையில் சிக்னல் வந்ததும் அதுவாகவே மணி அடித்தது. இந்த முறை மகிழ்ச்சி, வருத்தம் எதுவும் இல்லை. தேர்வானவர்கள் பெயர்கள் மட்டும் இருந்தன. மேலிருந்து கீழே படித்தேன். அப்புறம், யாராவது தலைகீழாக எழுதியிருக்கலாம் என்பதுபோலக் கீழிருந்து மேலே படித்தேன். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். தன் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, நான் சாய்ந்துகொள்ள இடம் விட்டாள். ஊரிகத்தில் நான் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்: "திங்கக்கெழம வருவீங்க இல்ல டீச்சர்? சீட்டு போட்டு வெக்கறேன்."

ஸ்டேஷனிலிருந்து வீடு பத்து நிமிஷம்கூட இல்லை. நான் சுற்றிக்கொண்டு போனேன். அப்பாவிடம் சொல்வதை நினைத்தால்தான் கால் வரவில்லை. மூன்றாவது தடவை, கடைசித் தடவை என்று அவருக்கும் தெரியும். வேப்ப மரத்தடியில் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது வீண் என்று எப்படிச் சொல்வது? வாசலிலேயே நின்றிருந்தார். "பேர் இல்லப்பா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் இருமினார், அல்லது இருமுகிற மாதிரி இருந்தார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். தட்டை எடுத்துப் போட்டார். காலையில் நான் செய்து வைத்துவிட்டுப் போன இட்லியைச் சூடு பண்ணியிருந்தார்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைன்ஸைப் பற்றியும் இல்லை. கை கழுவ எழுந்தபோது, லைனில் வேலைக்குப் போகிற யாரைப் பார்த்தாலும் கேட்பாரே, அதை என்னிடம் கேட்டார்: "திங்கக்கெழம இன்னா ஷிஃப்ட்டும்மா?"

"மார்னிங் ஷிஃப்ட்தாம்ப்பா" என்றேன். மூன்று வருஷமாக நான் சொன்ன பதில்களில், கேட்டவர் சரியென்று தலையாட்டி ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.