மாமாவின் கால் நோ

பெர்லின் மதில் விழுந்ததை உலகம் எப்படிக் கொண்டாடியதோ தெரியாது. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டில் அது பக்கத்து வீட்டு அன்ரியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவுக்கு மேலேதான் விழுந்தது.

சேலையைப் பார்க்கட்டும் என்று அன்ரி அந்தக் கசெற்றை அம்மாவிடம் தந்திருந்தார். அது வீடியோ டெக்கிலேயே கிடந்தது. ரீவியில் சனம் மதிலுக்கு மேலே ஏறி நின்று ஆடுவதைக் கண்டதும் அப்பா பதறியடித்து ரெக்கோர்ட் பொத்தானை அமத்திவிட்டார். ஆலத்தி எடுக்க வந்த இரண்டு பெண்கள் தட்டோடு மறைந்து போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் சுத்தியலால் மதிலைக் கொத்திக்கொண்டிருந்தான்.

அப்பா பதறியது மாமாவுக்காக. மாமா அம்மாவின் ஒரே தம்பி. மேற்கு பெர்லினில் ஓர் அகதி முகாமில் மூன்று வருடமாக வழக்கு முடியக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சில மாதங்கள் முந்தி அப்பாவும் அதே வழியால்தான் வந்தவர். கிழக்கு பெர்லினில் பிளேனால் இறங்கி, ரயில் ஏறி, மதிலுக்கு அங்காலே இறங்கினால் மேற்கு. அந்த ஊர்ச் சனம் மதிலுக்குக் கிட்டப் போனால் சுடுவார்கள். எங்கள் ஆட்களை மட்டும் போ என்று விட்டுவிட்டார்கள்.

"அவங்களுக்கு அது மதில், எங்களுக்குத் திறந்து கிடந்த வேலிப் படலை" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்பா அங்கிருந்து கனடாவுக்கு வந்து எங்களையும் கூப்பிட்டுக்கொண்டார். மாமா அங்கேயே அகப்பட்டுப் போனார்.

எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் மாமாவின் கதை வந்தால் மதிலின் கதையும் கூடவே வரும். ஆகவே மாமாவை வரவிடாமல் மறித்துக்கொண்டு நிற்பது அந்த மதில்தான் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். மதில் விழுந்துவிட்டது, இனி மாமா வரவேண்டியதுதானே? சோபாவில் கிடந்த என் பொம்மைகளை எல்லாம் அள்ளி, மாமா படுக்க இடம் பண்ணினேன். தலகணியும் போட்டேன்.

அடுத்த நாள் கசெற்றைக் கேட்டு வந்த அன்ரி வாசலிலேயே கத்திக் குளறத் தொடங்கிவிட்டார்.

"என்ரை பிள்ளையின்ரை ஆலத்தியை அழிச்சுப்போட்டு ஆரின்ரை மதிலைப் பார்க்கிறியள்?"

"கோவிக்காதேங்கோ அக்கா. என்ரை தம்பி அங்கைதான் நிக்கிறான்" என்றார் அம்மா.

அன்ரியின் கோபம் எங்கே போனதோ! சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து ரீவிக்கு முன்னால் குந்திவிட்டார். கறுத்தத் தலை எது தெரிந்தாலும் "உவனோ? உவனோ?" என்று விரல் நீட்டினார். நாங்கள் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்ததில் படத்தில் கோடு விழுந்ததே தவிர மாமா அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல ரெலிபோன் எடுத்தார். அம்மா ரிசீவரைச் சரித்துப் பிடித்தார், நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

மதில் பார்க்கத் தானும் போனதாக மாமா சொன்னார். மேற்குப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, மாமாவை மதிலுக்கு அங்காலே இருந்து அப்போதுதான் தப்பி வந்த ஆள் என்று நினைத்துவிட்டாளாம். கட்டிப்பிடித்து அழுது, விடுதலைக்கு நல்வரவு என்று சொல்லி, ஒரு வாழைப்பழமும் சொக்லேற்றும் கொடுத்தாளாம். மூன்று வருடமாக இங்கேதான் கிடக்கிறேன் என்று சொல்ல மாமாவிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. வாங்கித் தின்றுவிட்டாராம். பிறகு, திருவிழாவுக்குப் போவதுபோல அங்காலும் இங்காலும் போய் வந்த சனத்தோடு சேர்ந்து, மதில் உடைந்த இடம்வரைக்கும் நடந்திருக்கிறார்.

"பிறகு?" என்றார் அம்மா.

"பிறகென்ன அக்கா, திரும்பி முகாமுக்கு வந்திட்டன்."

வழக்கு முடியும்வரை அகதிகள் மேற்கு பெர்லினை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அங்கேயுள்ள சட்டம். மீறிப் பிடிபட்டால் வழக்குக்கே பழுது. மதில் நின்ற காலத்தில் அதைக் கடந்து வந்த மனிதர், அது விழுந்த பிறகு கடக்க முடியாமல் நின்றிருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்?

நான் ரிசீவரைப் பறித்துக் கேட்டேன். "எல்லாரும் போகேக்கை நீங்கள் மட்டும் ஏன் மாமா போகேல்லை?"



"கால் நொந்துதடி பிள்ளை. நடக்கேலாமல் போச்சுது."

அட, இவ்வளவுதானா! அப்பாவின் முழங்காலுக்கென்று ஊரிலிருந்து வந்த நோ எண்ணெயில் ஒரு போத்தல் மூடி உடைக்காமல் இருந்தது. அதை மாமாவுக்கு அனுப்பச் சொல்லி அம்மாவை அரித்தெடுத்தேன். அம்மா மறுக்கவில்லை. போத்தலைப் பழைய துவாயில் சுற்றிப் பார்சல் கட்டினார். கட்டும்போது அழுதார். கடைசிப் போத்தலும் போகிறதே என்று அழுகிறார் என நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒருவாறு வழக்கு முடிந்து, மாமா கனடாவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த நாளே என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கப் புறப்பட்டார். நடந்து நடந்து ஸ்டீல்ஸ் வீதிக்கு வந்தோம். இந்தப் பக்கம் ஸ்காபரோ, அங்காலே மார்க்கம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அங்காலை வேற நகரமோ? ஆரும் மறிக்க மாட்டினமோ?"

"ஏன் மறிக்கினம்?"

பச்சை விளக்கு விழுந்ததும் கடந்தோம். மாமா அங்கே நின்று சுற்றிவரப் பார்த்தார். திரும்பிக் கடந்தோம். பிறகும் போனோம், பிறகும் வந்தோம். அங்கே கடையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. எனக்குக் கால் நொந்து அழுகை வரும்போல இருந்தது.

"உங்களுக்குக் கால் நோகேல்லையோ மாமா?"

"இல்லையடி" என்று சிரித்தார். "அந்த நோ மாறீட்டுது."

அன்று பின்னேரம் மாமாவின் பெட்டியை அம்மா அடுக்கும்போது அந்தத் துவாய் வந்தது. உள்ளே போத்தல், மூடி உடைக்காமல் அப்படியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திறக்காமலே சுகமாக்குகிற எண்ணெய், இனிமேலும் இதையே எடுப்பியுங்கோ என்று அம்மாவிடம் சொன்னேன்.